சொல்லக் கூடாத பெயர்

"அரிவாளைப் போடுங்கட்டி! போட்டுட்டுக் கரையேறுங்க எல்லாரும்!"

வரப்பில் சத்தியபாய் ஓடிவந்த வேகத்தில் முந்தானை ஒரு பக்கமும் தலைச்சும்மாடு ஒரு பக்கமும் பறந்தன. குனிந்து நெல் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். பாம்பைத்தான் கண்டுவிட்டாள் என்று நினைத்து இரண்டு பேர் ஒரே தாவாகத் தாவி வரப்பில் ஏறிவிட்டார்கள்.

"எங்கட்டி பாம்பு?"

"பாம்பு ஊருல இருக்கு! நேசம், ஓட்டு நாளைக்கு இல்லட்டி. இன்னைக்கு! காலத்தே தொடங்கியாச்சாம்!"

நேசபாய் கையிலிருந்த கதிர்ப்பிடி நழுவித் தண்ணீரில் விழுந்தது. "யாரு சொன்னா?"

"பஸ் டிரைவர் இஞ்ஞாசி. திரும்பிப் போற வழியில அன்னா ரோட்டுல வண்டிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நிக்காரு. காலையில நாகர்கோவில்ல இருந்து புறப்படும்போதே நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடத்துல எல்லாம் ஆளு வரிசையா நிக்கிறதைப் பார்த்தாராம். 'இன்னைக்கு ஊரே அங்க நிக்குது, நீங்க இங்க என்ன அறுக்குதிய'ன்னு கேக்காரு."

"உனக்கு யாருட்டி சனிக்கிழமைன்னு சொன்னது?"

"வீட்டுக்காரரு."

நேசபாய் வாயைத் திறந்தாள், சத்தியபாயின் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். மற்ற பெண்களும் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்க நேரமும் இல்லை. வெயில் உச்சி தாண்டிவிட்டது. அவர்கள் நிற்பதோ பணகுடிக்குத் தெற்கே, மெட்ராஸ் மாகாணத்து மண்ணில். ஓட்டுப் போட வேண்டியதோ மலைக்கணவாய்க்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில், கரையடிப்புதூர் பள்ளிக்கூடத்தில். நடுவே ஆரல்வாய்மொழிச் சவுக்கை, இரண்டு நாட்டுக்கும் எல்லைச் சோதனைச் சாவடி. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முதல் மாசி அது. திவான் போய்விட்டார். நாட்டை ஆள ஜனங்களே ஆள் தேர்ந்தெடுக்கலாம் என்று மகாராஜா விளம்பரம் போட்டுவிட்டார். முன்பெல்லாம் தேர்தல் என்றால் நிலவரி கட்டுகிறவன், பட்டம் படித்தவன் மட்டும் போகிற கலியாணம். இந்தத் தடவை வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டு. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. வயல் வைத்திருப்பவனுக்கும் உண்டு, அந்த வயலில் குனிந்து நிற்பவளுக்கும் உண்டு.

கரையடிப்புதூர்ப் பண்ணையார் தாணுலிங்கத்துக்கு அதுதான் செரிக்கவில்லை. அவரே தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவர் பள்ளிக்கூட வாத்தியார் குமாரதாஸ். அறுப்புக்காரிகள் யாருக்குப் போடுவார்கள் என்பது பண்ணையாருக்குத் தெரியும். போன கன்னிப்பூ அறுப்பில் களத்தில் வைத்து, எல்லார் காதிலும் விழும்படி அவர் சொன்ன வார்த்தை சத்தியபாயின் நெஞ்சில் இன்னும் கிடந்தது. "இவளுவளுக்கு எதுக்கு ஓட்டு? இவளுவளுக்குள்ளதையும் சேர்த்து நானே போட்டிருவேன்."

போட முடியாது என்று அப்புறம் யாரோ அவருக்குச் சட்டம் சொல்லியிருக்க வேண்டும். அதனால் வேறு வழி பார்த்தார். பணகுடிப் பக்கம் அவருக்கு ஒரு பெரிய துண்டு நிலம் இருந்தது. வியாழக்கிழமை விடிகிற நேரம் லாரி வந்து நின்றது. "பிசான நெல்லு முத்தி உதிருது, ரெண்டு நாளு அறுப்பு, வெள்ளிக்கிழமை பொழுதடைய கொண்டுவந்து விட்டிருவோம், சனிக்கிழமை ஓட்டு" என்று ஏற்றினார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு நாள் என்று வைத்திருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாற்பது பெண்கள் ஏறினார்கள். வீட்டுக்காரர் சொன்னதை நம்பி அவர்களைக் கூப்பிட்டுச் சேர்த்தவள் சத்தியபாய்தான். அந்த எரிச்சல்தான் இப்போது அவளைத் துரத்திக்கொண்டு வந்தது.

"எங்கட்டி போறிய?"

குடையும் கையுமாக வந்தார் முத்துநாயகம். பண்ணையாரின் காரியஸ்தர், இந்த வயலுக்குப் பொறுப்பு அவர்தான்.

"ஓட்டுப் போட."

"ஓட்டு நாளைக்கில்லா?"

"நாளைக்குன்னா இன்னைக்கு அங்க ஆளு எதுக்கு வரிசையில நிக்குது?"

முத்துநாயகம் இருமினார். பிறகு குடையை மடக்கி ஊன்றிக்கொண்டார். "போறவ போலாம். நான் தடுக்கல. ஆனா அறுப்பு முடியாமக் கரையேறுனா கொத்து கிடையாது. நேத்தைக்குள்ளதும் கிடையாது."

கொத்து என்றால் அறுத்தவளுக்குக் களத்திலேயே அளந்து போடும் நெல். கூலி அதுதான், வேறில்லை. நேற்று லாரியை விட்டு இறங்கியதிலிருந்து இருட்டும் வரை அறுத்த நெல், அடித்துத் தூற்றி, அதோ களத்தில் குவிந்து கிடந்தது. சத்தியபாய்க்குப் பின்னால் நின்ற பெண்கள் எல்லார் கண்ணும் அந்தக் குவியலில்தான் போய் விழுந்தது. பஞ்ச காலம். ரேஷனில் கிடைக்கிற அரிசியில் கல்லைப் பொறுக்கினால் பாதிதான் மிஞ்சும். பிள்ளைகள் மரச்சீனிக் கிழங்கைத் தின்று வயிறு வீங்கிக் கிடக்கின்றன. கொத்தை விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவது எப்படி?

முத்துநாயகம் புன்னகைத்தார். அவருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. கொத்தை அளந்து கொடுத்தாலும் தொல்லை இல்லை. நெல்லோடு சவுக்கையில் போய் நின்றால், பெர்மிட் இல்லாத தானியம் என்று பிடித்து வைத்துப் பொழுதைச் சாய்த்துவிடுவார்கள். எப்படிப் போனாலும் பண்ணையாருக்குத்தான் வெற்றி.

"ஏளா மலையாளத்துக்காரிகளா! என்ன, சண்டை முத்திட்டா?"

சத்தம் பக்கத்துத் துண்டிலிருந்து வந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றவள் அன்னக்கிளி. இந்த ஊர் அறுப்புக் கூட்டத்துக்குத் தலைவி. நேற்றிலிருந்தே அவளுக்கும் இவர்களுக்கும் ஆகவில்லை. உள்ளூர்க்காரிகள் சும்மா இருக்க, கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து இறக்கினால் யாருக்குத்தான் ஆகும்? நேற்று முழுக்க வரப்புக்கு வரப்பு ஏச்சுதான். 'கிழங்கு தின்னி' என்று அவர்கள். 'பாண்டிச்சி' என்று இவர்கள்.

சத்தியபாய் அவளைப் பார்த்து நடந்தாள். நேசபாய் பயந்து பின்னால் ஓடினாள். "எட்டி, அடிதடிக்கா போற?"

"அக்கா," என்றாள் சத்தியபாய், அன்னக்கிளியின் முன்னால் போய் நின்று. "நேத்து ஏசுனதை எல்லாம் அப்புறமா பேசித் தீர்ப்போம். இப்ப ஒரு காரியம். எங்களுக்கு இன்னைக்கு ஓட்டு. எங்களை ஏமாத்திக் கொண்டு வந்து இங்க கெட்டிப் போட்டிருக்காவ."

"ஓட்டுன்னா?"

"எங்க நாட்டை யாரு ஆளணும்னு நாங்களே சீட்டுப் போடுறது."

"நீங்களா?" அன்னக்கிளி அவளை மேலும் கீழும் பார்த்தாள். சேறு காயாத கால், கிழிந்த ரவிக்கை. "எங்க பக்கத்துல அது வரி கட்டுதவுகளுக்குல்லா?"

"எங்களுக்கும் அப்படித்தான் இருந்து. இப்ப மாறிப்போச்சு. உங்களுக்கும் மாறும்."

"பெரிய பண்ணையாருக்கு எத்தனை சீட்டு?"

"ஒண்ணு."

"உனக்கு?"

"ஒண்ணு."

அன்னக்கிளி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், வயலில் மேய்ந்துகொண்டிருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. "அவருக்கும் ஒண்ணு, உனக்கும் ஒண்ணா! அந்த ஒண்ணுக்காகவே போகணும்ளா! இங்க என்ன செய்யணும் சொல்லு."

சத்தியபாய் வேகமாகச் சொன்னாள். மிச்ச அறுப்பை அன்னக்கிளியின் ஆட்கள் எடுத்துக்கொள்ளட்டும். இன்றைய கொத்து அவர்களுக்கே. நேற்றைய கொத்து மட்டும் இவர்களுடையது. அதையும் அன்னக்கிளியே அளந்து வாங்கித் தன் ஆட்களுக்குப் பங்கு வைத்துக்கொள்ளட்டும்.

"அப்ப உனக்கு?"

"இன்னும் ரெண்டு வாரத்துல எங்க பக்கம் கும்பப்பூ அறுப்பு. வருசா வருசம் நீங்க கணவாய் தாண்டி வருவியல்லா? அப்ப கணக்கைத் தீர்த்துக்கிடுவோம். எங்க நெல்லை இங்க நீ தின்னு. உனக்கு அங்க கிடைக்கிற கொத்துல அந்த அளவை எங்களுக்கு விட்டுரு. ஒரு மணி நெல்லு சவுக்கை தாண்டாண்டாம். எந்தப் போலீசுக்காரனும் பிடிக்க முடியாது."

அன்னக்கிளி கண்ணை இடுக்கினாள். மனசுக்குள் படியை வைத்து அளந்து பார்க்கிறாள் என்று தெரிந்தது. "நான் வராமப் போயிட்டேன்னா?"

"அப்ப பாண்டிச்சி ஏமாத்திட்டான்னு ஏசிக்கிட்டு இருப்பேன். நேத்து மாதிரி."

"போளா!" அன்னக்கிளி தன் ஆட்கள் பக்கம் திரும்பிக் கை தட்டினாள். "ஏய், எறங்குங்க இந்த வயலுக்குள்ள!"

"நில்லு, நில்லு!" முத்துநாயகம் குறுக்கே பாய்ந்தார். "இது யாரைக் கேட்டு? நான் கொத்துக் கொடுக்க மாட்டேன்."

"குடுக்காண்டாம்," என்றாள் அன்னக்கிளி, சாவகாசமாக. "அவுகளும் போயிருவாக. நாங்களும் தொட மாட்டோம். சுத்துப்பட்டியில எவளும் தொட மாட்டா, அதுக்கு நான் பொறுப்பு. நெல்லு முத்தி உதிர ஆரம்பிச்சிட்டு. காரியஸ்தரய்யா, அந்தக் குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நீங்களே குனிஞ்சு அறுங்க."

இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒன்றாகச் சிரித்தார்கள். நேற்றிலிருந்து இதுதான் முதல் தடவை. முத்துநாயகம் வயலைப் பார்த்தார். பாதி அறுத்தது, பாதி நிற்பது. சரி என்று தலையை ஆட்டினார்.

இஞ்ஞாசியின் பஸ் யுத்தகாலத்துக் கரி வண்டி. பின்னால் அடுப்பு, அதில் கரி, அந்தப் புகையில் ஓட்டம். ஏற்கெனவே ஏறியிருந்தவர்களோடு நாற்பது பெண்களும் ஏறியபோது, வண்டி ஒரு பெருமூச்சு விட்டுத் தரையோடு அமர்ந்தது.

"எக்கா, இது பஸ்ஸாக்கும். வைக்கோல் வண்டி இல்ல," என்றார் இஞ்ஞாசி.

"விடு அண்ணாச்சி. போற வரைக்கும் போட்டும். நின்னா நாங்க தள்ளுவோம்."

நிற்கத்தான் செய்தது. முப்பந்தல் பக்கம் ஏற்றத்தில் அடுப்பு அணைந்து போய்விட்டது. இஞ்ஞாசி இறங்கிக் கரியைக் கிளறினார், விசிறினார், கர்த்தரையும் இசக்கியம்மனையும் ஒரே மூச்சில் கூப்பிட்டார். சத்தியபாய் சூரியனைப் பார்த்தாள். மலையின் தோளைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

"இறங்குங்கட்டி!"

நாற்பது பேரும் இறங்கினார்கள். கணவாய்க்குள் வடகிழக்கிலிருந்து காற்று ஆளைத் தூக்குகிற மாதிரி வீசியது. நல்லவேளை, முதுகுப் பக்கத்திலிருந்து வீசியது.

"காத்தும் வாத்தியாரு கட்சிதான் மக்கா!" என்று நேசபாய் கத்தினாள். "தள்ளு!"

சேற்றுக் கால்கள் சரளையில் ஊன்றின. உள்ளே உட்கார்ந்திருந்த ஆண் பிள்ளைகள் வெட்கப்பட்டு இறங்கி அவர்களும் கை கொடுத்தார்கள். ஏற்றம் தாண்டியதும் அடுப்பு பக்கென்று பிடித்துக்கொண்டது. ஓடுகிற வண்டியில் ஒருத்தியை ஒருத்தி கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள்.

ஆரல்வாய்மொழிச் சவுக்கையில் தடிக்கம்பு குறுக்கே கிடந்தது. காவல்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். அறுப்புக்காரிகள் என்றதும் முகம் மலர்ந்தது. அறுப்பு முடிந்து வருகிறவளிடம் நெல் இருக்கும். நெல் இருந்தால் பிடிக்கலாம்.

"எல்லாரும் இறங்கு. மூட்டையை எல்லாம் அவிழு."

"மூட்டை இல்ல சார்."

"மடியை அவிழு, பார்ப்போம்."

நாற்பது பெண்களும் கையை விரித்துக் காட்டினார்கள். அரிவாளும் வெற்றிலைச் சுருக்கும் தவிர ஒரு மணி நெல் இல்லை.

காவல்காரருக்கு நம்ப முடியவில்லை. பஸ்ஸின் அடியில் குனிந்து பார்த்தார். கூரைமேல் ஏறிப் பார்த்தார். "பாண்டிக்குப் போய் ரெண்டு நாளு அறுத்துட்டு வெறுங்கையோட வாறியளா? கோட்டியா பிடிச்சிருக்கு உங்களுக்கு?"

"ஆமா சார்," என்றாள் சத்தியபாய். "கோட்டிதான். கம்பைத் தூக்குங்கோ."

கம்பு எழும்பியது.

கரையடிப்புதூர் பள்ளிக்கூட வாசலில் அவர்கள் வந்து இறங்கியபோது ஆலமரத்தடியில் நின்ற ஆண்கள் வாயைப் பிளந்தார்கள். பெண்களின் வரிசை மதியத்திலிருந்தே காலியாகக் கிடந்தது. இப்போது ஒரே நேரத்தில், வாசலிலிருந்து கிணற்றடி வரை, சேறும் கரியும் அப்பிய நாற்பது பேர்.

உள்ளே மேசைக்குப் பின்னால் தேர்தல் அதிகாரி அச்சுத குறுப்பு. வடக்கேயிருந்து வந்தவர். வழுக்கைத் தலை, தங்க பிரேம் கண்ணாடி, முகத்தில் பகலெல்லாம் உட்கார்ந்த களைப்பு. அவருக்கு ஒரு பக்கம் குமாரதாஸ் வாத்தியாரின் ஏஜென்ட். இன்னொரு பக்கம் பண்ணையாரின் ஏஜென்ட் ரசலையன். வெளுத்த சட்டை, காதில் பென்சில். பண்ணையாரின் வேலைக்காரர்களில் எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் அவனுக்கு அந்த நாற்காலி.

பெண்கள் வாசலில் தெரிந்ததும் ரசலையன் முகத்தில் ரத்தம் வற்றியது. சத்தியபாய் அவனைப் பார்த்தாள். அவன் அவசரமாகப் பட்டியலைப் பார்த்தான்.

பிறகு அவன் செய்த காரியம் இருக்கிறதே, அதை வெளியூர்க்காரன் எவனும் யோசித்திருக்க மாட்டான்.

"சார், ஒரு ஆட்சேபணை," என்றான் எழுந்து. "இதுல ஞானம்மாளே மூணு பேரு இருக்கு, அன்னம்மாள் நாலு. ஆள் மாறாட்டம் நடக்கும். ஒவ்வொருத்தியும் அவ மாப்பிள பேரைச் சொல்லட்டும். பட்டியல்ல இருக்கதோட ஒத்திருந்தா சீட்டு குடுங்க. இல்லேன்னா குடுக்கப்பிடாது."

குறுப்பு தலையாட்டினார். அவருக்கு அது நியாயமாகவே பட்டது. முதலில் வந்த நேசபாயைப் பார்த்துக் கேட்டார். "பர்த்தாவிண்டெ பேரு பறயூ."

நேசபாய் திகைத்தாள். "எதுக்கு சார்?"

"பேரு. ஹஸ்பண்ட். மாப்பிள."

"அது... மாட்டுவண்டி வச்சிருக்காவ."

"பேரு?"

"எனக்க மூத்த பிள்ளைக்க அப்பா."

"அது எனிக்கு மனசிலாயி. பேரு எந்தா?"

நேசபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும். கோவிலுக்குப் போகிறவளும் அய்யாவழிப் பதிக்குப் போகிறவளும் சர்ச்சுக்குப் போகிறவளும் அந்த ஊரில் மற்ற எதில் வேறுபட்டாலும் இதில் ஒன்று. தாலி கட்டிய நாளிலிருந்து அந்தப் பெயர் வாயில் வந்ததில்லை.

"மாறி நில்க்கூ. அடுத்த ஆளு."

அடுத்தவள் ராகேல். துணிச்சல்காரி. எப்படியாவது சொல்லிவிடப் பார்த்தாள். "சார், பைபிள்ல மழைவெள்ளம் வரும்லா? அப்ப பேழை செஞ்சவருக்குள்ள பேருதான் அவ்வோளுக்கு."

குறுப்பு கண்ணாடியைத் தூக்கினார். "பேழையோ? மரப்பணி செய்யுன்ன ஆசாரியாணோ?"

வெளியே நின்ற ஆண்கள் சிரித்தார்கள். ராகேலும் ஒதுங்கி நின்றாள். மூன்றாமவள் ஒதுங்கினாள். நான்காமவள் ஒதுங்கினாள். ரசலையன் உட்கார்ந்து பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். கடிகாரத்தைப் பார்த்தான்.

சத்தியபாய் ஒதுங்கி நின்றவர்களை எண்ணினாள். கொத்தை விட்டார்கள், வண்டியைத் தள்ளினார்கள், சவுக்கையைத் தாண்டினார்கள். இப்போது சொந்த வாயே குறுக்கே விழுந்து கிடக்கிறது. 'சொல்லித் தொலைங்கட்டி' என்று கத்தலாம். கத்தினால் சொல்வார்களா? முதலில் தான் சொல்வாளா? அவள் நாக்கும் மேல் அண்ணத்தில்தான் ஒட்டிக்கொண்டது. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால்? அவ்வளவு கோபத்திலும் அந்தப் பயம் போகவில்லை.

அப்போதுதான் ராகேல் நேசபாயின் காதில் முணுமுணுத்தாள். "எட்டி, உனக்க மாப்பிள பேரு தங்கய்யன்தானே, அதைச் சொல்ல உனக்கு என்ன பயம்?"

"உனக்கு என்ன, நீ சொல்லிருவே. நீயா அவருக்குப் பெண்டாட்டி?"

சத்தியபாய் சட்டென்று திரும்பினாள். பிறகு இருவர் கையையும் பிடித்து, ஒதுங்கி நின்ற இடத்திலிருந்து மேசைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சார்! எங்க மாப்பிள பேரை நாங்க சொல்லப்பிடாது. ஆனா அடுத்தவ மாப்பிள பேரைச் சொல்லலாம். இவ பேரை அவ சொல்லட்டும், அவ பேரை இவ சொல்லட்டும். மாத்திக்கிடுதோம். ஒத்திருக்கான்னு மட்டும் நீங்க பாருங்கோ."

"செல்லாது சார்!" ரசலையன் துள்ளி எழுந்தான். "அவளுவ அவளுவ வாயால சொல்லணும்!"

குறுப்பு ஒரு கணம் பேனாவை மூடினார், திறந்தார். களைத்த முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. தனக்கும் வீட்டில் ஒரு மனைவி இருக்கிறாள், பதினெட்டு வருஷமாகத் தன்னைப் பேர் சொல்லாமல் 'இவிடெ', அதாவது 'இங்கே', என்றுதான் கூப்பிடுகிறாள் என்பது ஞாபகம் வந்ததோ என்னவோ.

"ஆளு இன்னாரென்னு எனிக்கு போத்தியமாயால் மதி," என்றார். தனக்குத் திருப்தியானால் போதும் என்று அர்த்தம். "மிஸ்டர் ரசலையன், இரிக்கூ. நேசபாய், இவளுடெ பர்த்தாவு?"

"நோவா!" என்றாள் நேசபாய், பள்ளிக்கூட ஓடு அதிரும்படி.

"இவளுக்கு?"

"தங்கய்யன்!" என்றாள் ராகேல்.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா! அணை உடைந்த மாதிரி வந்தன பெயர்கள். மாசிலாமணி! பொன்னுமுத்து! வேலாயுதம்! ஞானதாஸ்! ஜோடி ஜோடியாக வந்தார்கள். ஒருத்திக்கு ஒருத்தி சொன்னார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார்கள். வெளியே ஆலமரத்தடியில் நின்ற ஆண்களுக்கு முதலில் சிரிப்பு. பிறகு ஒவ்வொருத்தன் பெயரும் அடுத்தவன் வீட்டுக்காரி வாயிலிருந்து கணீரென்று வர வர, ஆளாளுக்கு வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்கள். "அட, நம்ம பேருக்கும் இம்புட்டுச் சத்தம் உண்டுமா!" என்றான் ஒருவன். திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த ஒரு கிழவி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பண்ணையாருக்கும் இதே மாதிரி ஒரு சீட்டுதானா பிள்ளே?" என்று கேட்டு, ஆமாம் என்று தெரிந்ததும் ஆகாயத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

சில நாள் கழித்து எண்ணியபோது குமாரதாஸ் வாத்தியார் ஜெயித்தார். இந்த நாற்பது ஓட்டு இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்பார் என்று நாகர்கோவிலில் சிலர் சொன்னார்கள். கரையடிப்புதூரில் அப்படிச் சொன்னவனுக்கு யாரும் காப்பி கொடுக்கவில்லை. கும்பப்பூ அறுப்புக்கு அன்னக்கிளி ஆட்களோடு கணவாய் தாண்டி வந்தாள். வந்த முதல் நாளே தன் கொத்திலிருந்து படி குறையாமல் அளந்து வைத்துவிட்டு, "எண்ணிக்கோளா கிழங்கு தின்னி" என்றாள். மெட்ராஸ் சர்க்காரும் திருவிதாங்கூர் சர்க்காரும் ஒரு வண்டி அரிசிக்கு மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த காலத்தில், இந்த இரண்டு கூட்டமும் ஒரு மணி நெல்லைக் கடத்தாமல் கணக்கைத் தீர்த்துக்கொண்டன. நாலு வருஷம் கழித்து அன்னக்கிளிக்கும் ஓட்டு வந்தது. அதற்கு முந்தின நாள் சத்தியபாய் பஸ் ஏறிப் போய், அவள் ஆட்களுக்கு எல்லாம் நடைமுறை சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று சாயங்காலம் இன்னும் ஒரு ஓட்டு பாக்கி இருந்தது.

எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியாக மேசைக்கு முன் வந்தாள் சத்தியபாய். வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்தது. ஓட்டுப் போட்டுவிட்ட பெண்கள் ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. வாசலிலும் ஜன்னலிலும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

ரசலையன் மெல்ல எழுந்தான். "சார், கொஞ்சம் வெளிய போயிட்டு வாறேன்."

"பெட்டி பூட்டுன்னது வரெ ஏஜென்ட் இவிடெ இரிக்கணும். அங்ஙனெயாணு சட்டம்," என்றார் குறுப்பு.

ரசலையன் உட்கார்ந்தான். பென்சில் காதிலிருந்து விழுந்தது. எடுக்கவில்லை.

"பேரு?"

"சத்தியபாய்."

குறுப்பு பட்டியலில் விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. அவர் புருவம் உயர்ந்தது. பட்டியலைப் பார்த்தார், பக்கத்து நாற்காலியைப் பார்த்தார், மறுபடியும் பட்டியலைப் பார்த்தார்.

"ஏஜென்டினு ஆட்சேபணை உண்டோ?"

ரசலையன் இல்லையென்று தலையை ஆட்டினான்.

"அப்போ நான் தன்னெ சோதிக்கட்டே," என்றார் குறுப்பு, மிக மெதுவாக. "இவளுடெ பர்த்தாவிண்டெ பேரு ஆரு பறயும்?"

சத்தியபாய் தலை குனியவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நேசபாய்தான், நாற்பது பேருக்கும் சேர்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நான் சொல்லுகேன் சார்! புதன்கிழமை ராத்திரி இவ ஊத்துன கஞ்சியைக் குடிச்சிக்கிட்டே, ஓட்டு சனிக்கிழமைதான்னு இவகிட்டச் சொன்னாரே, இன்னா உங்க பக்கத்துல உக்காந்திருக்காரே, இந்த ரசலையன்தான் சார் இவளுக்க மாப்பிள!"